பதினொரு கழுதைகளின் பட்டியல்

கரும்பாறைக் காட்டில் பதினொரு கழுதைகளும் ஒரு கோவேறு கழுதையும் ஒரு கரடியிடம் வேலை செய்துவந்தன.

கரடிக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். தோப்பு மலைக்கு இந்தப் பக்கம் இருந்தது. கரடியின் குகை அந்தப் பக்கம். கழுதைகள் பூ மூட்டைகளைச் சுமந்து மலையைத் தாண்டிக் குகையில் சேர்க்க வேண்டும். தினம் இரண்டு நடை. அதற்கு ஈடாகக் கரடியின் பள்ளத்தாக்கில் புல் மேயலாம்.

மலைப்பாதை குறுகலானது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அதனால் எல்லாம் ஒரே கயிற்றில் பிணைந்துதான் நடக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் மணியன் என்ற கோவேறு கழுதை நடக்கும். அதற்குச் சுமை கிடையாது. கழுத்தில் ஒரு மணி மட்டும். மணியன் நடந்தால் மற்றவை நடக்கும். மணியன் நின்றால் மற்றவை நிற்கும். இடையில் ஒன்று தானாக நின்றால் கயிறு வெட்டி இழுக்கும். சுமை சாயும். யாராவது பள்ளத்தில் சரிய வேண்டியதுதான்.

பாதி வழியில் ஒரு சுனை இருந்தது. கோடையிலும் வற்றாத சுனை. ஆனால் அங்கே நிற்கக் கூடாது என்பது கரடியின் கட்டளை. "நின்றால் பூ புளித்துப் போகும்" என்று அது சொல்லும்.

போன கோடை தொடங்கியபோது கழுதைகள் பன்னிரண்டு. சுனையைத் தாண்டி நாற்பதாவது அடியில் ஒன்று தாகத்தால் விழுந்தது. அன்றிலிருந்து பதினொன்று.

இந்தக் கோடையில் செவலி என்ற கழுதை சினையாக இருந்தது. பதினோராம் மாதம். கயிற்றில் அதன் இடம் ஏழாவது.

"இந்த வெயிலில் இன்னும் பத்து நாள் தாங்குவேனா என்று தெரியவில்லை, தம்பி" என்று அது நெட்டைக்காலனிடம் சொன்னது. "கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சுனையில் ஒரு வாய்த் தண்ணீர்."

நெட்டைக்காலன் கழுதைகளில் வாய்த்துடுக்கு உள்ளது. "எல்லோரும் சேர்ந்து கேட்போம், அக்கா. தனியாகப் போய்க் கேட்டால் முதலாளி உறுமுவார். சேர்ந்து கேட்டால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்" என்றது.

அது உண்மைதான். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்பவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால், வேலை வாங்குபவர் பேச வேண்டும். ஆனால் யார் யார் அந்தக் கூட்டம் என்று முதலில் முடிவாக வேண்டும். குளத்து ஆமைதான் அதை விசாரித்து, ஒவ்வொருவர் பெயருக்கும் ஈரக் களிமண்ணில் ஒரு கோடு கீறும். பாதிக்கு மேல் 'ஆம்' என்றால் பேச்சு நடக்கும். பேசி முடித்தது கோட்டில் உள்ளவர்களுக்கு மட்டுமே செல்லும். களிமண் காய்ந்த பிறகு பட்டியலை யாரும் தொடக் கூடாது. அடுத்த மழை வந்து அழித்தால்தான் புதுப் பட்டியல்.

எல்லோரும் குளக்கரையில் கூடினார்கள். கரடி முந்திக்கொண்டது.

"என்னிடம் வேலை செய்பவர்கள் மொத்தம் இருபத்தாறு பேர். பதினொரு கழுதை, ஒரு மணியன், பதினான்கு மயில்."

"மயிலா?" என்றது நெட்டைக்காலன்.

"குகை வாசலில் நின்று விருந்தாளிகளுக்குத் தோகை விரிக்கிறார்களே, அது வேலை இல்லையா?"

ஆமைக்குக் கணக்கு உடனே புரிந்தது. இருபத்தாறில் பாதிக்கு மேல் என்றால் பதினான்கு. மயில்கள் ஒரு நாளும் கரடிக்கு எதிராகத் தலையாட்டமாட்டா. கழுதைகளும் மணியனும் சேர்ந்தாலும் பன்னிரண்டுதான். ஆமை இதுபோல் எத்தனையோ பட்டியல்களைப் பார்த்துச் சலித்திருந்தது. அது மூத்த மயிலைக் கூப்பிட்டது.

"உச்சிவெயிலில் எங்கே இருப்பாய்?"

"அத்திமர நிழலில்."

"சுனைப் பாதையில் போயிருக்கிறாயா?"

"கேள்விப்பட்டிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்க்க மிக அழகாக இருக்குமாமே."

ஆமை பெருமூச்சு விட்டது. "உங்கள் பாடு வேறு, அவர்கள் பாடு வேறு. மயில்கள் பதினான்கும் நீக்கம். மீதி பன்னிரண்டு" என்றது.

"பதினொன்று" என்று நெட்டைக்காலன் திருத்தியது. "மணியன் எங்கள் ஆள் இல்லை."

மணியன் தலையைத் தூக்கியது. "ஏன் இல்லை? நானும் அதே மலையைத்தான் ஏறுகிறேன். அதே வெயில்தான்."

"சுமை?"

"சுமை இல்லைதான்."

"முதுகைத் திருப்பிக் காட்டு. எங்கள் பதினொரு பேர் முதுகிலும் மூட்டை உரசிய தழும்பு இருக்கிறது. உன் முதுகு வெண்ணெய் மாதிரி இருக்கிறது. தழும்பு இல்லாதவன் தொழிலாளியா?"

கழுதைகள் சிரித்தன. "அம்மா குதிரை லாயத்துச் சீமாட்டியாயிற்றே. தழும்பு எப்படி வரும்?" என்றது ஒன்று.

"அப்பன் கழுதைதான். அதை யாரும் சொல்லமாட்டீர்கள்" என்றது மணியன்.

"போன மாதம் தோப்பில் கயிறு கட்டும் முன் நான் அரை நிமிடம் நின்றதை முதலாளியிடம் போய்ச் சொன்னது யார்?" என்று கேட்டது நெட்டைக்காலன்.

"ஏன் தாமதம் என்று கேட்டார். சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அடி எனக்கு விழும். செய்தது சரி என்று நான் சொல்லவில்லை" என்றது மணியன்.

ஆமை கரடியைப் பார்த்தது. "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

கரடி கையை விரித்தது. "கழுதைகளுக்குப் பிடிக்காதவனை நான் எதற்குத் திணிக்க வேண்டும்? மணியன் என் ஆளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்."

செவலி நெட்டைக்காலன் பக்கம் சாய்ந்து, "மயிலுக்கு அவ்வளவு வாதாடியவர் இவனை உடனே விட்டுக்கொடுக்கிறாரே, தம்பி. அவனையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்றது.

"ஜெயிக்கிற நேரத்தில் குறுக்கே பேசாதே, அக்கா. அவன் காது நம் கூட்டத்தில் இருந்தால், பேசுவதெல்லாம் குகைக்குப் போகும்."

இரண்டு தரப்பும் ஒத்துப்போனால் ஆமை குறுக்கிடக் கூடாது. அது மூன்று முறை, "நன்றாக யோசித்தீர்களா?" என்று கேட்டது. மூன்று முறையும் நெட்டைக்காலன் தலையாட்டியது. ஆமை பதினொரு கோடு கீறியது. மணியன் யாரையும் பார்க்காமல் கரையேறிப் போனது.

பதினொரு கழுதைகளும் 'ஆம்' என்றன. கரடி உட்கார்ந்து பேசியது. பேச்சு வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது. "பட்டியலில் உள்ள கழுதைகள் சுனையில் நின்று தண்ணீர் குடிக்கலாம். அதற்காக யாரையும் அடிக்கமாட்டேன்." ஆமை சாட்சி. கழுதைகள் வால்களைச் சுழற்றிக்கொண்டு வீடு திரும்பின.

மறுநாள் முதல் நடை. சுனை வந்தது. மணியன் நிற்கவில்லை.

"நில்லப்பா மணியா, சுனை வந்துவிட்டது" என்று நெட்டைக்காலன் பின்னாலிருந்து கூப்பிட்டது.

"எனக்கு நிற்க உத்தரவு இல்லை."

"ஒப்பந்தம் இருக்கிறதே."

"உங்களுக்கு இருக்கிறது. காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கழுதைகள் தாராளமாக நிற்கலாம், நீ நின்றால் தோலை உரித்துவிடுவேன் என்றார்."

செவலி தன் உரிமைப்படி நின்று பார்த்தது. கயிறு வெட்டி இழுத்தது. எட்டாவதாக வந்த கழுதையின் பின்னங்கால் பள்ளத்தின் விளிம்பில் வழுக்கியது. "நட அக்கா, நட, செத்தேன்" என்று அது கத்தியது. செவலி நடந்தது. சுனை பின்னால் போனது.

நெட்டைக்காலன் கரடியிடம் ஓடியது. கரடி பூவை மென்றுகொண்டே கேட்டது: "நீங்கள் நின்றதற்காக யாரையாவது அடித்தேனா?"

"இல்லை."

"பிறகென்ன?"

மூன்றாம் நாள் இரண்டாம் நடையில், சுனையைத் தாண்டிப் பதினாறாவது அடியில் செவலி விழுந்தது. பாறைப் பக்கம் விழுந்ததால் பள்ளத்தில் போகவில்லை.

மணியன் நின்றது. யாரும் சொல்லவில்லை. நின்றது. கயிறு தளர்ந்தது. எல்லாம் நின்றன. மணியன் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தது. கழுதைகள் மூட்டைகளை இறக்கிவிட்டு, செவலியை மெல்லத் தள்ளிச் சுனைக்குக் கொண்டுபோயின. செவலி தண்ணீர் குடித்தது. மாலையில் அதற்குக் குட்டி பிறந்தது. செவலி எழுந்தது. குட்டி எழவில்லை.

கரடி வந்தது. கழுதைகளை ஒன்றும் சொல்லவில்லை. மணியனைத்தான் அடித்தது. மணியைக் கழற்றிக்கொண்டு, செவலியின் மூட்டையை மணியன் முதுகில் ஏற்றிக் கயிற்றின் கடைசியில் கட்டியது. முன்னால் நடக்கப் பக்கத்துக் காட்டிலிருந்து கூரன் என்ற வேறொரு கோவேறு கழுதையைக் கொண்டுவந்தது.

நெட்டைக்காலன் குளக்கரைக்குப் போனது. இப்போது அதன் குரல் தாழ்ந்திருந்தது.

"ஐயா, தப்பு என்னுடையதுதான். பட்டியலைத் திருத்திக் கொடுங்கள்."

ஆமை களிமண்ணைத் தட்டிக் காட்டியது. கல்லாக இறுகியிருந்தது.

"மழைக்கு இன்னும் நூற்றுப் பதினெட்டு நாள்."

நெட்டைக்காலன் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தது. இருநூற்று முப்பத்தாறு நடை. இருநூற்று முப்பத்தாறு முறை சுனையைத் தாண்டிப் போக வேண்டும்.

அது திரும்பி வந்து மணியன் பக்கத்தில் நின்றது. மணியன் முதுகில் தோல் உரிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"மழை வந்ததும் உன் பெயரைத்தான் முதலில் போடச் சொல்வேன், அண்ணே."

"என் பெயர் கிடக்கட்டும்" என்றது மணியன். "நான் இப்போது கடைசியில் நடக்கிறேன். நான் நின்றால் யார் நிற்கப் போகிறார்கள்? கூரனிடம் பேசினாயா?"

"அவனிடமா? அவன் முதலாளி தொட்டியில் தின்கிறான்."

"நானும் அங்கேதான் தின்றேன்."

நெட்டைக்காலன் வெகு நேரம் கழித்து, வலிக்கும் கால்களை இழுத்துக்கொண்டு, கரடியின் தொட்டிப் பக்கம் நடந்தது. கூரன் தலையைத் தூக்கிச் சந்தேகத்தோடு பார்த்தது.

"என்ன வேண்டும் உனக்கு?" என்றது.

"ஒன்றும் வேண்டாம், தம்பி. அந்த ஏற்றத்தில் உனக்கும் தாகம் எடுக்குமே, அதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

ஒரு வேலை நிற்க யாரெல்லாம் நிற்க வேண்டுமோ, அவர்களில் ஒருவரை வெளியே விட்டு அமைத்த கூட்டணி வென்றாலும், அந்த வெற்றியால் யாருக்கும் பயன் இல்லை.