கேட்காமல் விட்ட கேள்வி

ஜெசிந்தா டீச்சரிடம் வேலை பழக வந்தபோது இசக்கிமுத்துவுக்கு ஐம்பது வயது. டீச்சருக்கு முப்பத்து நாலு.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் இசக்கிமுத்து. முழங்காலில் சவ்வு கிழிந்தது. இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அதைத் தூக்கிக்கொண்டு டீச்சர் கடைக்கு நடந்து நடந்து, கடைசியில் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் முன்பு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர். சொந்தமாக ரிப்பேர் கடை வைத்த பிறகும் ஊருக்கு அவர் டீச்சர்தான். அதிகம் பேச மாட்டார். எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றுகிறார், எதை எங்கே வைக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் இசக்கிமுத்து கற்றுக்கொண்டார். இரண்டு வருடத்தில், வைரஸ் பிடித்து வருகிற பெட்டி என்றால் டீச்சரே அவர் பக்கம் தள்ளிவிடுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

வேலை கைக்கு வந்ததும் கூடவே வாயும் வந்தது.

"எதை அமுக்குனீங்க?" என்பதுதான் யாரிடமும் அவர் கேட்கிற முதல் கேள்வி. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த ஆளுக்கு அன்றோடு ஒரு பட்டப்பெயர். பரிசு விழுந்ததாக வந்த மெயிலைத் திறந்த மளிகைக் கடைக்காரர் 'பம்பர்' ஆனார். சினிமா ஒன்றை ஓசியில் இறக்கப் போய் மாட்டிக்கொண்ட வக்கீல் 'டூரிங் டாக்கீஸ்' ஆனார். கடையில் காத்திருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

டீச்சர் சிரிக்க மாட்டார். அது அவருடைய சுபாவம் என்று இசக்கிமுத்து நினைத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆட்டோவில் ஒரு அம்மா வந்து இறங்கினார். பெயர் அமலோற்பவம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரைப் பெரிய துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"எதை அமுக்குனீங்க?"

"செவப்பா ஒரு கட்டம் வந்துச்சு தம்பி. உங்க கம்ப்யூட்டர் ஆபத்துல இருக்குன்னு இங்கிலீஷ்ல போட்டுருந்துச்சு. காப்பாத்தணும்னா இதை இறக்கிக்கோங்கன்னு கீழ ஒரு பட்டன். பயந்துபோயி அமுக்கிட்டேன்."

இசக்கிமுத்து கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அப்போ, ஒங்க வீட்டுல திருடன் இருக்கான், கதவைத் தெறங்கன்னு திருடனே வந்து கூப்புட்டுருக்கான். நீங்களும் தெறந்துவிட்டு, ஒக்கார நாற்காலி வேற போட்டுருக்கீங்க!"

காத்திருந்த இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவர் தொடையில் தட்டினார். அமலோற்பவமும் சிரித்தார். அவர் சிரிக்க ஆரம்பித்தபோது மற்றவர்கள் முடித்திருந்தார்கள்.

வேலையில் இசக்கிமுத்து குறை வைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பெட்டியைச் சுத்தமாக்கிவிட்டார். உள்ளே நூற்றுக்கணக்கில் ஒலிக் கோப்புகள் இருந்தன. அம்மா பாட்டுப் பைத்தியம் போல என்று நினைத்துக்கொண்டார். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை வாங்கச் சொல்லி, எல்லாவற்றையும் அதில் ஒரு நகல் எடுத்தும் கொடுத்தார்.

"இனி புதுசா என்ன சேத்தாலும் இதுலயும் ஒரு காப்பி போட்டுக்கிடுங்க."

அமலோற்பவம் அந்த டிஸ்க்கைக் கையில் வாங்கி, அதன் ஒயரைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்த நேரம் கடைக்குள் வேறு யாரோ நுழைந்தார்கள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல தம்பி."

ஆட்டோ போன பிறகு டீச்சர் தலையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, அந்தம்மா என்னமோ கேக்க வந்தாங்க."

"இருந்தா கேட்டுருப்பாங்கல்லா டீச்சர்."

டீச்சர் மறுபடி குனிந்துகொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து கடைக்கு ஒரு போன் வந்தது. இசக்கிமுத்துதான் எடுத்தார். பேசியது ஒரு இளம்பெண்.

"சார், என் பேரு மரகதவல்லி. பி.ஏ. ரெண்டாம் வருஷம். எனக்குக் கண் தெரியாது. அமலோற்பவம் அம்மா உங்ககிட்டதான் கம்ப்யூட்டர் சரிபண்ணுனதா முன்ன சொன்னாங்க."

"ஆமா. என்ன விஷயம்?"

"அவங்கதான் எங்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புவாங்க. எங்க காலேஜ்ல நாங்க ஆறு பேரு. ரெண்டு வருஷமா அனுப்புறாங்க. இப்ப ஒம்பது நாளா எதுவுமே வரல. கேட்டா, தொண்டை கட்டிருக்குங்கிறாங்க."

"சரிதான், வயசானவங்க..."

"தொண்டை நல்லா இருக்கு சார். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? இன்னும் மூணு வாரத்துல பரீட்சை. கம்ப்யூட்டர்லதான் ஏதோ ஆயிருக்கு. எங்கிட்ட சொல்லமாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு எட்டு போய்ப் பாக்க முடியுமா?"

இசக்கிமுத்து போனை வைத்தார். பாட்டு என்று நினைத்தது பாட்டு இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

"வாங்க."

அமலோற்பவம் கதவைத் திறந்தார். டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தவர், பின்னால் நின்ற இசக்கிமுத்துவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கம்ப்யூட்டருக்கா? அது நல்லாத்தானே இருக்கு."

"சும்மா பாத்துட்டுப் போறோம்மா" என்றார் டீச்சர்.

உள்ளறை ஜன்னலில் கனமான போர்வை தொங்கியது. தெருச் சத்தம் உள்ளே வராமல் இருக்க. மைக்கின் தலையில் ஒரு பழைய சாக்ஸ் மாட்டியிருந்தது. மேசையில் பொருளாதாரப் புத்தகம். வரிக்கு வரி, எங்கே மூச்சு விட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டிருந்தார். கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது.

டீச்சர் துண்டை எடுத்து, பெட்டியை இயக்கினார். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். உன் கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டுவிட்டன, சாவி வேண்டுமானால் பணம் அனுப்பு என்றிருந்தது. உள்ளே ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் வால் போல ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை.

இசக்கிமுத்துவின் கண் பெட்டியின் பின்பக்கம் போனது. வெளி ஹார்ட் டிஸ்க் அதிலேயே சொருகியிருந்தது. அதன் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த நகலும் பூட்டிக் கிடந்தது.

"காப்பி எடுத்தா உடனே கழத்தி வச்சிரணும்லாம்மா!" என்றார், தன்னை அறியாமல்.

அமலோற்பவம் அவருக்குப் பதில் சொல்லவில்லை. டீச்சரிடம்தான் சொன்னார்.

"அதைத்தான் டீச்சர் அன்னைக்குக் கேக்க நெனச்சேன். இதைச் சொருகியே வைக்கலாமா, கழத்தணுமான்னு. ஆளுங்க இருந்தாங்க. இதுகூடத் தெரியலையான்னு ஆயிடும்னு விட்டுட்டேன்."

தெருவில் மீன் விற்கிற பெண்ணின் குரல் போர்வைக்கு அந்தப் பக்கம் மங்கலாகக் கேட்டது.

"புதுப் பாடத்திட்டம்னு ஒரு மெயில் வந்துச்சு. பிள்ளைங்கதான் அனுப்பிருக்காங்கன்னு திறந்தேன். கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு ஃபைலா பேரு மாறுது. ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஒரு மணி நேரமா?" என்றார் இசக்கிமுத்து. "ஒரு போன் போட்டுருந்தா... ஒயரைப் பிடுங்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருப்பேனே. பாதியாவது தப்பிச்சிருக்கும்."

"போன் கையிலதான் இருந்துச்சு. கடை நம்பரை எடுத்தேன்." அமலோற்பவம் தரையைப் பார்த்தபடி சொன்னார். "மறுபடியும் நான்தான் அமுக்கினேன்னு சொல்லணும். அதான் வச்சிட்டேன்."

இசக்கிமுத்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், அந்த டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் பெட்டியை அணைத்தார். நாற்காலியை அமலோற்பவத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எங்க கடைக் கம்ப்யூட்டர் போன ஐப்பசியில இதே மாதிரி போச்சும்மா. பார்சல் வந்திருக்குன்னு ஒரு மெயில். நான்தான் அமுக்கினேன்."

அமலோற்பவம் நிமிர்ந்தார்.

"நீங்களா?"

"நானேதான். அமுக்குன அந்த நிமிஷமே தெரிஞ்சிருச்சு. ஆனாலும் கொஞ்ச நேரம் சும்மாவே உக்காந்திருந்தேன், உங்கள மாதிரி."

அமலோற்பவத்தின் முகம் ஒன்பது நாளைக்குப் பிறகு கொஞ்சம் தளர்ந்தது. எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். பிறகு, கேட்காமலேயே, அந்த மெயில் எப்படி இருந்தது, எத்தனை மணிக்கு வந்தது, அதற்குப் பிறகு வேறு எதையெல்லாம் தொட்டார் என்று ஒன்று விடாமல் சொன்னார். டீச்சர் குறித்துக்கொண்டார்.

டீச்சர் சொன்ன கதை, அந்த அம்மா மனம் ஆறட்டும் என்று கட்டியது என்றே இசக்கிமுத்து நினைத்தார். ஐப்பசியில் கடையில் நடந்தது வேறு. அது அவருக்குத் தெரியும்.

பணம் அனுப்ப வேண்டாம், அனுப்பினாலும் சாவி வருமென்று நிச்சயமில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார். பூட்டிய கோப்புகளை அப்படியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்தார், என்றைக்காவது திறக்க வழி வரலாம் என்று. பெட்டியை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். மரகதவல்லிக்கு விஷயத்தை அமலோற்பவமே போனில் சொன்னார்.

மறுநாள் ஆறு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்து சேர்ந்தார்கள். அதுவரை வந்த பாடங்களில் பெரும்பகுதி அவர்களுடைய போன்களில் இருந்தது. இசக்கிமுத்து ஒவ்வொரு போனையும் பரிசோதித்துவிட்டு, அவற்றை மறுபடி பெட்டியில் ஏற்றினார். கிடைக்காமல் போனது, அவர்கள் போன்களிலிருந்து அழித்துவிட்ட பழைய பாடங்கள் சிலவும், இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த பொருளாதாரமும்தான். அதுதான் முதல் பரீட்சை.

அமலோற்பவம் முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க உட்கார்ந்தார். தினமும் சாயங்காலம் இசக்கிமுத்து போவார். அன்றைக்கு வாசித்ததை டிஸ்க்கில் நகல் எடுப்பார், ஒயரைக் கழற்றி அலமாரியில் வைப்பார், வருவார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் தெருமுனையில் நினைப்பார். வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே டிஸ்க் இருக்கிற அலமாரிக்குப் போய்விடுவார். கடையிலும் வாய் குறைந்துவிட்டது. யாராவது பெட்டியோடு வந்தால், அந்தப் பழைய கேள்வி நாக்கு நுனி வரை வரும். அதைக் கேட்காமல் பெட்டியை வாங்கி வைப்பார்.

ஒருநாள் கிளம்பும்போது நின்றார்.

"அம்மா, வேற எதாவது கேக்கணுமா?"

அமலோற்பவம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்தார். பின்பக்கத்தில் பதினோரு கேள்விகள் எழுதி வைத்திருந்தார். இசக்கிமுத்து மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டுக்கு அவருக்கே பதில் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்டு வந்து சொல்கிறேன் என்றார்.

பொருளாதாரப் பாடம் பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் முடிந்தது. கடைசி ஒலிக் கோப்பு ஆறு பேருக்கும் போய்ச் சேர்ந்த அன்று டீச்சரும் வந்திருந்தார். திரும்பும்போது டீச்சர் ஸ்கூட்டரை ஓட்ட, இசக்கிமுத்து பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டீச்சர் வண்டியை அணைத்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அன்னைக்கு அந்தம்மாட்ட, கடைக் கம்ப்யூட்டர் ஒங்க கையாலதான் போச்சுன்னு சொன்னீங்களே. அவங்க மனசு ஆறட்டும்னுதான சொன்னீங்க?"

"இல்ல. நெசந்தான்."

"ஐப்பசியிலயா? ஹார்ட் டிஸ்க் அடிபட்டுப் போச்சுன்னுல்லா எங்கிட்ட சொன்னீங்க. ரெண்டு பேரும் ஒரு வாரமா ஒக்காந்து எல்லாத்தையும் திரும்ப ஏத்துனோமே."

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்."

இசக்கிமுத்துவுக்குப் புரியவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்க்க எட்டினார். தெரிந்தது ஹெல்மெட் மட்டும்தான்.

"ஒரே கடையில இருக்கோம். எங்கிட்டப் போய் எதுக்கு டீச்சர் அதை மறைக்கணும்?"

ரயில் வந்துவிட்டது. சரக்கு ரயில். கடைசிப் பெட்டி கடந்து சத்தம் அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"நீங்க சிரிப்பீங்களேன்னுதான், அண்ணாச்சி."