தேரி உச்சிக்கு யார் பெயர்?

தெற்கத்திச் சீமையில், மழை எட்டிப் பார்க்கத் தயங்கும் ஒரு செம்மண் தேரி, குட்டிப் பாலைவனம் மாதிரி. பாலைவனம் என்றால் ஒட்டகம் எங்கே என்று கேட்காதீர்கள். இங்கே பனையும் உடைமுள்ளும் முந்திரிப் புதரும்தான். ஆனால் பொழுது சாயும்போது அந்த மணல்மேடு குங்குமமாய்ச் சிவக்கும் பாருங்கள், அடடா! அதைப் பார்க்கவே டவுன்காரர்கள் ஜீப் பிடித்து வருகிறார்கள்.

ஆடிக்காற்றில் அந்த மேடு நகரும். அதை வைத்து சாஸ்தா கோயிலில் ஒரு வழக்கம். ஆடி முதல் நாள் யார் வேண்டுமானாலும் தேரியில் ஒரு கம்பு நடலாம். நட்ட பிறகு கம்பைத் தொடக்கூடாது. மாதம் முழுக்க ஆடு ஏறும், பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள், அதற்கெல்லாம் தடையில்லை. கடைசி நாள் சூரியன் மறைகிற நேரம் பூசாரி கோயில் வாசலில் நின்று பார்ப்பார். உச்சியில் எவர் கம்பு தெரிகிறதோ, ஒரு வருஷத்துக்கு அந்த உச்சிக்கு அவர் பெயர். போன வருஷம் அது 'பலவேசம் உச்சி'.

இந்த முறை பூங்கனியும் கம்பு நட வந்தாள். கடற்கரை ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்து ஏழு வருஷமாகியும், ஊருக்கு அவள் 'கடக்கரைக்காரி'தான். மாமியாரும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஊர் வாயால் தன் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

போன வருஷம் ஜெயித்த பலவேசம், இப்போதும் உச்சியிலேயே நட்டார். பூங்கனியோ காற்று போகிற திசையைப் பார்த்து, இருபது எட்டு வைத்துக் கீழே இறங்கி, அப்பாவின் படகில் கிடந்த நீள மூங்கிலை நட்டாள்.

"ஏ கடக்கரைக்காரி, அது பள்ளம்லா!" என்று விழுந்து விழுந்து சிரித்தான், தானும் கம்போடு வந்திருந்த உள்ளூர்க்காரன் லிங்கதுரை. சிரித்தவன் சும்மா இருந்தானா? அவளுக்கு நாலு எட்டு தள்ளித் தன் குட்டைக் கம்பை ஊன்றினான்.

"என்னண்ணே, நீங்களும் பள்ளத்துக்கா?"

"சும்மா, ஒரு துணைக்கு."

கடைசி நாள் வந்தது. மேளம் ஒரு பக்கம், வில்லுப்பாட்டு ஒரு பக்கம், ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி மிட்டாய். பலவேசத்தின் கம்பு பின்சரிவில் தாழ நின்றது. மேடு அவரை விட்டுவிட்டு நகர்ந்திருந்தது. லிங்கதுரையின் கம்பைக் காணவே காணோம். அது புதைந்த இடத்தில்தான் இப்போது உச்சி. பூங்கனியின் மூங்கில் முனை வெளியே தெரிந்தது, ஆனால் அது நின்ற மணல் உச்சியைவிட ஒரு சாண் தாழ்வு.

"எங் கம்பு இதுக்குள்ளதான் இருக்கு, பாருங்க!" என்று லிங்கதுரை இரு கையாலும் மணலை அள்ளி வீசினான். கம்பைத் தொடவில்லை. அதன் தலை தெரிந்தபோது உச்சி குழியாகிவிட்டது. இப்போது பூங்கனியின் மூங்கில் நின்ற இடமே தேரியில் உயரம். சற்று நேரத்தில் சூரியன் மறைந்தது.

"தோண்டுறவரை உச்சி என்னுதுதான்" என்றான் லிங்கதுரை.

"மனுசன் கைபட்ட உச்சி செல்லாது. என் பேரே இருக்கட்டும்" என்றார் பலவேசம்.

"பொழுது சாயும்போது உச்சியில தெரிஞ்சது என் கம்புதான், பூசாரி ஐயா" என்றாள் பூங்கனி.

நீங்களே பூசாரியாக இருந்தால், உச்சிக்கு யார் பெயரை வைப்பீர்கள்?

விடை: பூங்கனியின் பெயரை. கணக்கு சூரியன் மறைகிற நேரத்துக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய உச்சி யாருக்கும் சொந்தமில்லை. புதைந்து கிடந்தவரை லிங்கதுரையின் கம்பு தெரியவில்லை. தெரிந்தபோது அது உச்சியில் இல்லை. பலவேசத்தின் வாதமும் நிற்காது. தொடக்கூடாதது கம்பைத்தான், மணலை அல்ல. ஆட்டின் காலும் பிள்ளைகளின் காலும் பட்ட மணலில் லிங்கதுரையின் கை பட்டால் மட்டும் குற்றமா? பூசாரி இப்படிச் சொல்லி முடிக்கவும் மேளம் அதிர்ந்தது. "பூங்கனி உச்சி! பூங்கனி உச்சி!" என்று ஊரே கூவியது. எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்த மாமியார், "எங்க பூங்கனில்லா!" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். பூங்கனி அழுதுகொண்டே சிரித்தாள்.