இலையால் மூடிய முடிவு

குழந்தைகளே, உங்களை ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஓர் ஆட்டத்தில் நீங்கள் வென்ற பிறகு, "நான் வென்றேன்தான், ஆனாலும் தவறாக ஆடினேன்" என்று எவரிடமாவது சொன்னதுண்டா?

உடனே விடை சொல்ல வேண்டாம். முதலில் இந்தக் கீரியின் கதையைக் கேளுங்கள்.

ஒரு காட்டில், ஆற்றின் தென்கரையில், பெரிய மருத மரம் ஒன்று நின்றது. அம்மரத்தைக் கீரி பின்னாளில் அடிக்கடி நினைத்துக்கொள்ளும். நிழலுக்காகவோ கனிக்காகவோ அன்று. அதன் அடிமரத்தில் எழுதப்பட்டிருந்தவற்றுக்காக.

அக்காட்டு விலங்குகள் குன்றிமணி ஆட்டத்தில் பெருவிருப்பம் கொண்டவை. ஆட்டம் எளியது. ஒரு குடுக்கையில் செங்குன்றியும் கருங்குன்றியும் கலந்து கிடக்கும். இருவர் எதிரெதிரே அமர்ந்து, பாராமல் ஐந்தைந்து மணிகளை எடுத்து, தம் மணிகளைத் தாம் மட்டும் பார்த்துவிட்டு இலையால் மூடிவிடுவார்கள். சிவப்பு மிகுதியாக உள்ளவரே வெல்வார். ஆனால் இலையைத் திறக்கும் முன், ஒருவர் தம் அத்திப்பழங்களில் சிலவற்றை முன்னே தள்ளலாம். மற்றவர் அதே அளவு தள்ளி இணைய வேண்டும். அஞ்சினால் ஒரு பழம் தந்து விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே மணியைப் பார்ப்பது பாதி ஆட்டம். எதிரியைப் பார்ப்பது மறுபாதி.

ஆட்டத்தில் ஐயம் எழுந்தால் விலங்குகள் மருத மரத்துக்கு வரும். நடந்ததைப் பட்டையில் நகத்தால் கீறி எழுதும். ஒன்று காலையில் எழுதிச் செல்லும். ஒன்று நண்பகலில் வந்து விடை எழுதும். மற்றொன்று அந்தியில் வந்து அவ்விடையை மறுக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் அறியார். நகத்தின் கீறலை மட்டுமே அறிவர்.

அம்மரத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்தை எழுதுபவர், தாம் வென்றாரா தோற்றாரா என்பதை எல்லார் கண்ணிலும் படும்படி விடக் கூடாது. முடிவை எழுதி, அதன்மேல் ஓர் இலையை வைத்து, முள்ளால் குத்திவிட வேண்டும். மூன்று நாளில் இலை காய்ந்து தானே உதிரும். அதற்குள் சொல்ல வேண்டியவர்கள் சொல்லி முடித்திருப்பார்கள்.

கீரி முதன்முதலாக அங்கே வந்த நாளில் இவ்வழக்கம் அதற்கு விளங்கவில்லை. மரப்பொந்தில் குடியிருந்த உடும்பிடம் கேட்டது.

"உடும்பு மாமா, முடிவைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?"

"வென்றாய் என்று தெரிந்தால் உன் மடமையையும் புகழ்வார்கள். தோற்றாய் என்று தெரிந்தால் உன் அறிவையும் பழிப்பார்கள். உனக்கு வேண்டியது புகழா, பழியா, பாடமா?"

"பாடந்தான்."

"அப்படியானால் இலையைக் குத்து. முள் அங்கே கிடக்கிறது."

கீரி தன் முதல் கேள்வியை எழுதி, அன்றைய முடிவை இலையால் மூடியது: "என்னிடம் மூன்று சிவப்பு. எதிரி ஐந்து பழம் தள்ளினார். நான் விட்டுக்கொடுத்தேன். சரிதானா?"

மறுநாள் வந்து பார்த்தபோது கீழே மூன்று விடைகள் இருந்தன.

"ஐந்து பழத்துக்கே இப்படி நடுங்குகிறீரே, நாகம் எதிரே வந்தால் என்ன செய்வீர்?" என்று அணில் கிண்டல் செய்திருந்தது.

"அஞ்சி விட்டாயா, எண்ணி விட்டாயா? அதை முதலில் சொல்" என்று உடும்பு கேட்டிருந்தது.

மூன்றாவது விடை வளைந்த, ஆழமான கீறல்களில் இருந்தது. அது எறும்புதின்னியான ஓர் அழுங்கின் எழுத்து. "எதிரி யார் என்று நீர் எழுதவில்லையே! அன்று அவர் எத்தனை முறை பழம் தள்ளினார்? தள்ளும்போது விரைந்தாரா, தயங்கினாரா? மணியை மட்டும் எண்ணாதீர்; மணியை மூடிய கையையும் பாரும்."

கீரி அந்த வரியைப் பலமுறை படித்தது. பிறகு அணிலின் கிண்டலை நினைத்துத் தனியே சிரித்தது. அதன்கீழே, "நாகத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன், பழத்துக்குத்தான்" என்று எழுதிவிட்டு, சருகுமான் கேட்டிருந்த ஒரு கேள்விக்குத் தனக்குத் தெரிந்த விடையையும் எழுதிச் சென்றது. விடை பெற்றவர் வேறொருவருக்கு விடை தராமல் திரும்புவது அங்கே வழக்கமில்லை.

அவை இனிய நாட்கள். மருதம் ஆண்டுக்கொரு முறை பட்டை உரிக்கும். பழைய கேள்விகளும் விடைகளும் ஏடு ஏடாகக் கீழே விழும். வெளிறிய புதுப்பட்டை அடுத்த ஆண்டின் கேள்விகளுக்குக் காத்திருக்கும். அவ்வாறு நான்கு முறை பட்டை உரிந்தது. தென்கரையில் குன்றிமணி ஆட்டத்தில் கீரிக்கு நிகர் இல்லை என்றாயிற்று.

அதனால் மிகப் பெரிய பொறுப்பும் அதனிடம் வந்தது. இரு கரைக்கும் நடுவே, ஆற்றிடைத் திட்டில், ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. பங்குனியில் அதன் பூக்கள் தரை தெரியாமல் உதிரும். கோடையின் பசிக்கு அந்தப் பூக்களை விட்டால் வயிறு நிறைய வேறு உணவில்லை. எக்கரைக்கு அந்த ஆண்டுப் பூக்கள் என்பதை, கரைக்கு ஒருவராக ஆடும் குன்றிமணி ஆட்டமே முடிவு செய்யும். தென்கரைக்காக ஆடக் கீரியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆண்டு மாசியில், கீரி முள்ளம்பன்றியோடு ஆடியது. முள்ளம்பன்றி மிக எச்சரிக்கையானது. அன்று காலை முதல் கீரி ஒரு பழம் தள்ளினாலும் உடனே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று தன் பழங்கள் அனைத்தையும் முன்னே தள்ளியது. கீரியிடம் இரண்டே சிவப்பு. காத்திருந்து சலித்த கீரி, "போகட்டும்" என்று இணைந்தது.

இலைகளைத் திறந்தார்கள். முள்ளம்பன்றியிடம் ஒரே ஒரு சிவப்பு!

"ஐயோ! நான்கு என்று நினைத்தேனே!" என்று முள்ளம்பன்றி கண்ணைக் கசக்கியது. காலையில் கிழங்கு தோண்டியபோது அதன் கண்ணில் புழுதி விழுந்திருந்தது.

கீரியோ புழுதியைப் பற்றி நினைக்கவே இல்லை. நேரே மருத மரத்துக்கு ஓடி, கொட்டை எழுத்தில் எழுதியது: "இரண்டு சிவப்போடு இணைந்தேன், வென்றேன்! எதிரியின் உள்ளத்தைப் படித்துவிட்டேன்!"

இலையும் குத்தவில்லை, முள்ளையும் தேடவில்லை.

"ஆகா! அண்ணன் ஆட்டம் என்றால் ஆட்டம்!" என்று மந்தி எழுதியது. மந்திக்குப் புகழ்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதைப் பார்த்து இன்னும் சிலர் "ஆகா" எழுதினார்கள்.

அந்தி நேரத்தில், நடந்ததை முள்ளம்பன்றியிடமே கேட்டறிந்த அழுங்கு வந்து, வளைந்த ஆழமான எழுத்தில் இவ்வாறு எழுதிச் சென்றது: "வென்றமைக்கு மகிழ்ச்சி. ஆனால் ஆட்டம் பிழை. நாளெல்லாம் விட்டுக்கொடுத்தவர் இருப்பதையெல்லாம் தள்ளினால், மூன்று நான்கு சிவப்பு இருக்கும் என்றே கொள்ள வேண்டும். உம்மை வெல்ல வைத்தது அவர் கண்ணில் விழுந்த புழுதி. எல்லாருக்கும் எல்லா நாளும் கண்ணில் புழுதி விழாது."

மறுநாள் அதைப் படித்த கீரிக்கு வால் மயிர் சிலிர்த்தது.

'நான்கு ஆண்டுகளாக இக்கரையில் எவரும் என்னை வென்றதில்லை. என்னிடமா பிழை காண்பது?' என்று எண்ணியது. எதிரே நிற்கும் முகத்தைப் பார்த்திருந்தால் அதற்குச் சொல் எழும்பியிராது. அங்கே இருந்ததோ வெறும் மரப்பட்டை. கீரி எழுதியது:

"புற்றைத் தோண்டும் நகத்துக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? நீ எத்தனை ஆட்டம் வென்றிருக்கிறாய்? போ, போய் எறும்பை நக்கு!"

அதோடும் அடங்காமல், அழுங்கின் விடையைக் கீழும் மேலுமாகச் சுரண்டி அழித்தது.

"சரியான சூடு, அண்ணே!" என்று மந்தி எழுதியது.

உடும்பு பொந்திலிருந்து தலையை நீட்டியது. "கீரி, இது நல்லதற்கில்லை."

"மாமா, நீங்களும் தோற்றவர்களுக்காகத்தான் பேசுவீர்களா?"

உடும்பு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அதன்பிறகு வளைந்த கீறல்கள் மரத்தில் தென்படவில்லை. சில நாள் கழித்துச் சருகுமான் ஒரு கேள்வியோடு வந்தது. கீரியின் வரிகளைப் படித்தது. பிறகு ஒன்றும் எழுதாமல் புதருக்குள் திரும்பிவிட்டது. அணிலின் கிண்டலும் நின்றுபோயிற்று. மரத்தில் புதிதாகத் தோன்றியவையெல்லாம் "வென்றேன்", "ஆகா" என்ற இரண்டு சொற்களே.

பங்குனி பிறந்தது. இலுப்பை பூத்தது. வடகரைக்காக ஆட ஒரு மரநாய் வந்தது. அதிகம் பேசாத, பொறுமையான விலங்கு. ஆளுக்கு இருபது பழங்கள். பழம் தீர்ந்தவர் தோற்றவர். சுற்றிலும் தென்கரை விலங்குகள் தம் குட்டிகளோடு அமர்ந்திருந்தன.

மரநாய் முதலில் விட்டுக்கொடுத்தது. மீண்டும் விட்டுக்கொடுத்தது. ஏழு முறை ஒவ்வொரு பழமாக இழந்தது.

"அண்ணே, இது நம் முள்ளம்பன்றியைவிடக் கோழை!" என்று மந்தி கூவியது.

எட்டாவது முறை மரநாய் தன் மணிகளைப் பார்த்தது, இலையால் மூடியது, எஞ்சிய பதின்மூன்று பழங்களையும் ஒரே மூச்சில் முன்னே தள்ளியது.

கீரியிடம் இரண்டு சிவப்பு. விட்டுக்கொடுத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகியிராது. ஆனால் அதன் உள்ளத்தில் கொட்டை எழுத்து மின்னியது: 'இரண்டு சிவப்போடு இணைந்தேன், வென்றேன்!'

இணைந்தது.

மரநாய் இலையை எடுத்தது. நான்கு சிவப்பு.

கீரியிடம் எஞ்சியவை பதினான்கு பழங்கள். ஆனால் அதன் மனம் நிலைகுலைந்துவிட்டது. இழந்ததை ஒரே ஆட்டத்தில் மீட்கத் துடித்து, அடுத்த மணிகளைச் சரியாகப் பாராமலே எல்லாவற்றையும் தள்ளியது. பகல் சாயும் முன் ஒரு பழமும் இல்லாமல் அமர்ந்திருந்தது. தோப்பு வடகரைக்குப் போயிற்று.

மரநாய் எழுந்து வணங்கியது. "நல்ல ஆட்டம், ஐயா."

"கேலி வேண்டாம்" என்றது கீரி. "நான் இணைவேன் என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"நான் உங்கள் மரத்து மாணவன்" என்றது மரநாய். "ஆறு வற்றும் நாட்களில் கடந்து வந்து படிப்பேன். இரண்டு சிவப்போடு இணைந்ததை நீங்களே எழுதியிருந்தீர்கள். அதன்கீழ் ஓர் அழுங்கு அருமையான விடை ஒன்று எழுதியிருந்தது."

"அதை நான் அழித்துவிட்டேனே!"

"அழித்தீர்கள். ஆனால் அழுங்கின் நகம் ஆழமானது. உங்கள் நகத்துக்கு அவ்வளவு ஆழம் எட்டவில்லை. தடவித் தடவிப் படித்தேன். அந்த அழுங்கு இன்று உங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்தால், இப்படி ஆட எனக்குத் துணிவு வந்திராது."

கீரி மருத மரத்தடிக்கு வந்தது. உதிர்ந்த பட்டைகள் குவிந்து கிடந்தன. ஒன்றைப் புரட்டியது, அணிலின் எழுத்து: "நாகம் எதிரே வந்தால் என்ன செய்வீர்?" இன்னொன்றைப் புரட்டியது, சருகுமான் கீரியின் விடைக்குச் சொல்லியிருந்த நன்றி. அடியில், செல்லரித்த ஓரத்தோடு, "மணியை மூடிய கையையும் பாரும்" என்ற வரி. அந்த நாட்களில் இம்மரத்தடியில் நின்றால் ஒரு காடே தன்னோடு அமர்ந்து பேசுவது போலிருக்கும். இப்போது மரம் முழுவதும் எழுத்து. பேசுவோர் ஒருவரும் இல்லை.

"மாமா" என்று கீரி மெல்லக் கூப்பிட்டது. "அழுங்கு எங்கே இருக்கிறது?"

உடும்பு தலையை நீட்டியது. "நான்கு ஆண்டு அதனிடம் பாடம் படித்தாய். வீடு தெரியாதா உனக்கு? கள்ளிமேட்டுக்குப் பின்னால்."

கீரி ஓடியது. வளையின் வாயிலில் அழுங்கு நின்றிருந்தது. கீரியைக் கண்டதும் தலையை வயிற்றுக்குள் மடித்து, செதில் உருண்டையாகச் சுருண்டுகொண்டது. தன் ஒரு வரி அதை எப்படிச் சுருட்டியிருக்கும் என்பதைக் கீரி அன்றுதான் கண்ணால் கண்டது.

"அக்கா, அந்தக் கீரி நான்தான். அடிக்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறேன்."

உருண்டை அசையவில்லை. கீரி அங்கேயே அமர்ந்தது. வெயில் கள்ளிமேட்டைக் கடந்து இறங்கியது. கடைசியில் செதில்களின் இடையே ஒரு சிறு கண் தெரிந்தது.

"எத்தனை ஆட்டம் வென்றேன் என்று கேட்டீரே. ஒன்றுகூட வென்றதில்லை" என்றது அழுங்கு. "நான் ஆடியதே இல்லை. படிக்க மட்டுமே பிடிக்கும்."

"வென்ற நான் அல்லவா தோப்பை இழந்தேன், அக்கா! அன்று எழுதியது என் தவறு. பொறுத்துக்கொள்ளுங்கள்."

அழுங்கு தலையை முழுவதும் வெளியே நீட்டியது. மீண்டும் சுருளவில்லை.

கீரி மரத்துக்குத் திரும்பியது. தன் கொட்டை எழுத்துகளைத் தானே சுரண்டியது. அவ்விடத்தில் மரநாயோடு ஆடிய ஆட்டத்தை ஒன்றும் ஒளிக்காமல் எழுதியது. கடைசி வரியின்மேல் ஓர் இலையை வைத்து முள்ளால் குத்தியது.

மந்தி மேலிருந்து சிரித்தது. "நீ தோற்றது காட்டுக்கே தெரியும்! எதற்கு அண்ணே இலை?"

"என் கண்ணை மறைக்க" என்றது கீரி.

மறுநாள் சருகுமான் வந்து இலையைப் பார்த்தது. நெடுநாள் சுமந்த தன் கேள்வியை அதனருகே எழுதியது. அணில் வந்து, "நாகத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றவர், மரநாய்க்குத் தோப்பையே விட்டுக்கொடுத்தாரே!" என்று கீறிவிட்டு ஓடியது. கீரி நெடுநாளைக்குப் பின் சிரித்தது. அந்தியில் அதன்கீழே வளைந்த, ஆழமான கீறல்கள் தோன்றின: "எட்டாவது ஆட்டத்தில் பிழை ஒன்று; அதன் பின்னே பிழை பத்து. முதலில் பின்னதைப் பேசுவோம்."

அந்தக் கோடையில் தென்கரை அரைவயிறாகத்தான் கிடந்தது. ஆனால் மருத மரத்தில் நகம் வைக்க இடமில்லை.

அடுத்த பங்குனியில் கீரி மீண்டும் ஆடச் சென்றது; அருகில் அழுங்கு அமர்ந்திருந்தது. தோப்பு யாருக்குக் கிடைத்தது என்றா கேட்கிறீர்கள்? அதன்மேல் ஓர் இலையைக் குத்தி வைத்திருக்கிறேன். கீரி சரியாக ஆடியது, அது போதும்.

நீதி: வென்றோம் என்பதற்காக நம் பிழை சரியாகிவிடாது, அதை எடுத்துச் சொன்னவரை இழிவு செய்கிறவன் தன் ஆசிரியரை இழக்கிறான். நீங்கள் வாயடைக்கச் செய்த ஒருவர் எங்கேனும் இருந்தால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே, பொழுது சாயும் முன், அவர் வாயிலுக்குச் சென்று மன்னிப்புக் கேளுங்கள்.