எழுநூற்றிருபது பந்தி

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று என்னைக் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் மருதப்பன் என்றொரு விகடகவி. ராஜாவின் கிறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி மனுஷனுக்கு அலுத்துப்போயிருந்தது. அன்று அரண்மனையில் விருந்து. மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் அவன் மகளுக்கு வளைகாப்பு. விருந்து முடிந்ததும் கடைசி ஓடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தான்.

விருந்திலோ வழக்கமான சண்டை. முதல் இலை யாருக்கு, அடுத்தது யாருக்கு என்று பெரிய மனிதர்கள் ஆறு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எந்த வரிசைதான் சரி என்று ராஜா கேட்டார்.

ஆறு பேரில் ஒருவரான தளவாய் வன்னிநாதருக்கு மருதப்பனைக் கண்டாலே ஆகாது. "எத்தனை விதமாக உட்கார முடியுமோ அத்தனையையும் விகடகவி காட்டட்டும், மகாராஜா. தாங்கள் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதுவரை அவர் ஊருக்குப் போகக் கூடாது, இங்கே ஒருவரும் சாப்பிடக் கூடாது" என்றார்.

ஆறாறு முப்பத்தாறு, அதற்குள் ஓடம் போய்விடும் என்பது அவர் கணக்கு. அவர் காலையிலேயே வீட்டில் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருந்தார். ராஜாவும் சரியென்று சொல்லித் தொலைத்தார்.

மருதப்பன் பெருமூச்சு விட்டான். ஆறு பேரையும் உட்கார வைத்தான், எழுப்பினான், மாற்றி உட்கார வைத்தான். முட்டிகள் சடசடத்தன. குழம்பு ஆறியது. பசி பொறுக்காத ராஜா, இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டார்.

"முதல் இலையில் ஆறு பேரில் எவரும் உட்காரலாம், மகாராஜா. அவர் யாரானாலும் அடுத்த இலைக்கு மீதி ஐந்து பேர். அப்புறம் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. பெருக்கினால் எழுநூற்றிருபது. இப்போதுதான் பன்னிரண்டு முடிந்திருக்கிறது."

தளவாயின் முகம் செத்துப்போயிற்று.

மருதப்பன் ஒரு பெரிய சட்டியை வரவழைத்தான். சோற்றையும் குழம்பையும் ஆறு வகைக் காய்களையும் கொட்டிப் பிசைந்தான். எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, ராஜாவுக்கும் சேர்த்துக் கைக்கொரு உருண்டை வைத்தான். இதில் முதலில் விழுந்தது கத்தரிக்காயா, முருங்கைக்காயா என்று கேட்டான்.

"கலந்த பிறகு யார் கண்டது?" என்றார் ராஜா, வாய் நிறையச் சோற்றோடு.

"அவ்வளவுதான், மகாராஜா. ஆறு பேர் வரிசையாக உட்கார எழுநூற்றிருபது வழி. ஆறு பேரும் சேர்ந்து சாப்பிட ஒரே வழி."

ராஜா புரையேறும்வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, இது வளைகாப்புப் பெண்ணுக்கு என்று நீட்டினார்.

"உமக்கு என்ன வேண்டும்?"

"ஓடம் புறப்படாமல் இருந்தால் போதும், மகாராஜா. உடம்பில் ஓடத் தெம்பில்லை."

ராஜா தளவாயைப் பார்த்தார். தளவாய் கையில் உருண்டையோடு துறைக்கு ஓடினார், ஓடத்தை நிறுத்த. மருதப்பன் மெல்ல நடந்து போய் ஏறிப் படுத்தவன், அக்கரை வரும்வரை கண் திறக்கவில்லை.