கல்மண்டபத்துக்கு அப்பால்

"அம்மா, தரம் பெரிதா, விலை பெரிதா?"

கேட்டவர் கூடலிங்கம். டெண்டர் மேல்முறையீடுகளை விசாரிக்கும் அரசு அதிகாரி. ஓய்வுபெற இன்னும் ஓராண்டு. மனம் கனத்தால் ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வருவார்.

ஆசிரமத்தை நடத்தும் சுடர்மதி அம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதற்கு?"

"அணை திறக்கும்போது ஊதுகிற சைரனுக்கு. இரண்டு கம்பெனி போட்டி. ஒன்று ஊதினால் கல்மண்டபம் வரை கேட்கும். இன்னொன்று மூங்கில்தோப்பு வரை கேட்கும். ஆனால் விலை அதிகம்."

"டெண்டரில் என்ன கேட்டிருந்தீர்கள்?"

"மண்டபம் வரை கேட்டால் போதும், அதைத் தாண்டிக் கேட்டால் கூடுதல் மதிப்பெண் என்று. குழு விலை அதிகமானதைத் தேர்ந்தெடுத்தது. மற்றவர் மேல்முறையீட்டுக்கு வந்துவிட்டார். நானும் தேறினேன், விலையும் குறைவு, பிறகு ஏன் இல்லை என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது."

"அப்படியானால் அவருக்கே கொடுங்கள்."

"கொடுத்தால் நிம்மதி. அதிக விலைக்குக் கொடுத்தால் நான் கைநீட்டியதாக ஊர் பேசும்."

அம்மா ஒரு பூச்சி அரித்த இலையைத் தனியே போட்டார்.

"மண்டபத்துக்கும் தோப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது?"

"வரைபடத்தில் வெறும் மணல்தான்."

"வாருங்கள்."

இருவரும் ஆற்றுக்குள் இறங்கி நடந்தார்கள். மண்டபத்தைத் தாண்டினார்கள். வெயில் இதமாக இருந்தது. கூடலிங்கம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

திருப்பத்தில் வாத்துகளின் இரைச்சல் கேட்டது. தேங்கிய நீர் முழுக்க வாத்துகள். மணலில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம். மூன்று கழிகளை முக்காலியாகக் கட்டி, நடுவில் குழந்தை தூங்கும் சேலைத் தூளி.

முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண் அம்மாவைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"வாங்க சாமி. யாரு, சொந்தக்காரங்களா?"

"தெரிந்தவர், காத்தாயி."

"எப்பவும் இங்கதான் இருப்பீங்களா?" என்றார் கூடலிங்கம்.

"அறுப்பு முடிஞ்சா வருவோம் சார். தண்ணி கிடக்கிற வரைக்கும் இருப்போம். வருசா வருசம் இந்த மணல்தான். எங்க மாமனார் காலத்துலேர்ந்து."

"திடீர்னு அணையைத் திறந்துட்டா?"

"சத்தம் காதுல விழுந்தா மேடேறிடுவோம்."

"விழலைன்னா?"

அவள் தூளியின் பக்கம் திரும்பினாள். தூளியை ஒருமுறை ஆட்டிவிட்டு, கூடையிலிருந்து இரண்டு முட்டை எடுத்து நீட்டினாள்.

"கொண்டு போங்க சார். இன்னிக்கு இட்டது."

அவர் வாங்கவில்லை. மணலில் உட்கார்ந்தார். தூளியையும் வாத்துகளையும் பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லக் கலைந்தது.

"போகலாமா?" என்றார் அம்மா.

"இருங்கள் அம்மா. குழு செய்தது சரி என்று தீர்ப்பு எழுத வேண்டும். அதற்குக் காரணமும் எழுத வேண்டும்."

"ஊர் பேசும் என்றீர்களே?"

"பேசட்டும்."

பையிலிருந்து பேனாவை எடுத்தார். காத்தாயியின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா பேரு என்னம்மா?"