மூன்றாவது கூவல்

கரட்டுப்பட்டிப் பாளையத்தில் ஒருவன் தலையை எடுக்க வேண்டுமென்றால், பாளையக்காரரே கோட்டை வாசலில் நின்று மூன்று முறை கூவ வேண்டும். பக்கத்தில் நிற்பவன் காதில் சொன்னால் செல்லாது. அவர் குரலும் அதற்கேற்ற குரல்தான். ஒரு தரம் கூவினால் இரண்டு காதத்துக்கு அப்பால் காடை முட்டையெல்லாம் வெடிக்கும். நான் எண்ணவில்லை; எண்ணியவர் சொன்னது.

அன்றைக்கு ஆடு மேய்க்கும் சங்கிலிக்காகக் கூவினார். ஆட்டைக் கடித்த அரண்மனை வேட்டை நாயை அவன் கம்பால் அடித்துக் கொன்றுவிட்டான். இரண்டு முறை கூவியாயிற்று. மூன்றாவதற்கு வாயை அகலத் திறந்தார். திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. சத்தமில்லை. எச்சில்தான் மார்பில் வழிந்தது.

வெட்டுகிறவன் ஓங்கிய அரிவாளோடு நின்றான்.

வைத்தியர் பிறவிப்பெருமாளைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். பின்னாலேயே சீடர் வெயிலுகந்தான் ஓடி வந்தார். சீடருக்குக் குருவைவிட இரண்டு வயது அதிகம். சங்கிலி அவருடைய கடைசித் தம்பி.

வைத்தியர் பாளையக்காரரின் காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தார்.

"தாடை முளை குழியை விட்டு முன்னால் வந்துவிட்டது. என் கை நடுங்குகிறது. வெயிலு, நீ போடு."

வெயிலுகந்தான் குனிந்து கிசுகிசுத்தார். "ஐயா, இந்த வாய் சரியானால் அடுத்தது என் தம்பி தலை. இது இப்படியே கிடந்தால் என்ன?"

"கன்னத்தைத் தொடு."

தொட்டார். "கல்லாக இருக்கிறது."

"நெற்றிப்பொட்டு?"

"அதுவும்."

"எதற்கான தசை?"

"வாயை மூடுவதற்கு."

"மூடத்தான் இழுக்கிறது. ஏன் மூடவில்லை?"

சீடர் மறுபடி கன்னத்தை அழுத்திப் பார்த்தார்.

"முளை குழிக்கு முன்னாலுள்ள எலும்பு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்கிறது. தசைக்கு அது தெரியாது. மூடு, மூடு என்று மேலே இழுக்கிறது. இழுக்க இழுக்க முளை அங்கேயே இறுகுகிறது."

படைத்தலைவர் சேர்வைக்காரரின் வாள் வெயிலுகந்தான் கழுத்துக்கு வந்தது. "பாடம் போதும், கிழவா."

"இவனை வெட்டிவிட்டால் மகாராசா வாய்க்குள் நீர் கை விடுவீரா, ஐயா?" என்றார் வைத்தியர். "மகாராசா தரையில் உட்கார வேண்டும். இவன் நின்றுதான் அழுத்த முடியும்."

"தரையிலா!" வாள் இன்னும் நெருங்கியது. பாளையக்காரர் தானாகவே உட்கார்ந்தார்.

வெயிலுகந்தான் கட்டைவிரல்களில் துணி சுற்றி, கடைவாய்ப் பற்களில் வைத்து, இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். பாளையக்காரரின் விழி பிதுங்கியது. தாடை அசையவில்லை. வாள் முனையில் ஒரு சொட்டு ரத்தம் பூத்தது.

"யாருக்குப் பலம் அதிகம்?" என்றார் வைத்தியர்.

"அவருக்கு."

"அப்படியானால் எதற்குச் சண்டை போடுகிறாய்? தேய்த்துவிடு."

வெதுவெதுப்பான எண்ணெய் வந்தது. வெயிலுகந்தான் அந்தக் கன்னத்தைத் தேய்த்தார். தம்பியைக் கொல்லச் சொன்ன கன்னம். முதலில் விரல் கூசியது. பிறகு நெற்றிப்பொட்டு, மறுபடி கன்னம். அரிவாளைத் தூக்கி நின்றவன் கை ஓய்ந்து கீழே இறக்கினான். பாளையக்காரரின் கண்ணோரம் ஈரம் தெரிந்தது. கன்னம் மெல்ல மெல்லப் பிசைந்த மாவாகியது.

கட்டைவிரல்கள் உள்ளே போயின. கீழே ஓர் அழுத்து; பின்னால் ஒரு தள்ளு.

டொக்.

வாய் மூடிக்கொண்டது. பாளையக்காரர் எழுந்தார். சங்கிலியைப் பார்த்தார். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார்.

"மகாராசா, பொறுங்கள்." வைத்தியர் அவர் மோவாய்க்குக் கீழே துணி கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். "நாற்பது நாள் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. சாப்பாடு கஞ்சிதான். கொட்டாவி வந்தால்கூட மோவாயைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கூவினால் மறுபடி கழலும்."

"தந்திரமா?" என்று சீறினார் சேர்வைக்காரர்.

"சந்தேகமென்றால் கூவச் சொல்லிப் பாரும்."

பாளையக்காரர் காதுக்கு முன்னால் தடவிப் பார்த்தார். பிறகு கையை அசைத்தார். சங்கிலியை மறுபடி சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

திரும்பும்போது பல்லக்கு இல்லை. பாதி வழி நடந்த பிறகு வெயிலுகந்தான் கேட்டார். "ஐயா, நாற்பத்தோராம் நாள்?"

"தினம் இரண்டு வேளை அந்தக் கன்னத்தைத் தேய்க்க ஆள் வேண்டும். நீ வருவாய் என்று சொல்லியிருக்கிறேன். தேய்க்கும்போது மனுஷன் சும்மா இருக்க மாட்டார், உன் வீடு, உன் தம்பி என்று ஏதாவது கேட்பார். மெதுவாகத்தான் கேட்க முடியும். நீயும் மெதுவாகவே பதில் சொல்."