இருபதுக்குப் பூஜ்யம்

"டீச்சர், நான் ஜெயிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு இருளப்பன் அழுதார்.

ரெஜினா டீச்சர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அந்த ஊர்க் கூடைப்பந்து மைதானத்தில் அவர்தான் பயிற்சியாளர். இருளப்பன் வயதில் மூத்தவர். ஆனாலும் விசில் ஊதவும் ஸ்கோர் போடவும் டீச்சரிடம் கற்றவர், அதனால் எதற்கும் அவரிடம்தான் வருவார்.

"எதுல ஜெயிச்சீங்க அண்ணே?"

"சந்தியாகுதான் பெரிய ஆட்டக்காரன்னு காஜா ஒத்துக்கிட்டான்."

டீச்சர் பம்பைக் கீழே வைத்தார்.

சந்தியாகு மண் தரைக் காலத்து ஆட்டக்காரன். நவநீதன் சிமெண்டுத் தரை வந்த பிறகு ஆடியவன். இருவரும் ஒரு நாளும் எதிரெதிரே நின்றதில்லை. அதனால்தான் இருளப்பனும் காஜா மைதீனும் இத்தனை வருஷமாகச் சண்டை போட முடிந்தது. சந்தியாகு இருளப்பனின் ஆள், நவநீதன் காஜாவின் ஆள். கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு என்று இடம் பொருள் பார்க்காமல் கத்துவார்கள். மானங்கெட்ட சண்டை.

"எங்க வச்சு ஒத்துக்கிட்டாரு?"

"ஆஸ்பத்திரியில. கட்டிலுல படுத்துக்கிட்டு, 'உன் ஆள்தான் பெரியவன் மாப்ள, போதும் விடு'ன்னான். மாத்திரையையும் வேண்டாங்கிறான்."

டீச்சர் எழுந்து ஸ்கோர் பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்து ஒரு பக்கம் இருபது என்றும் மறுபக்கம் பூஜ்யம் என்றும் எழுதினார்.

இருளப்பனுக்கு அது தெரியும். எதிரணி மைதானத்துக்கு வராவிட்டால் வந்த அணிக்குப் போடும் கணக்கு அது. அதை எழுத அவருக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

"இந்த ஜெயிப்பை வாங்கிக்கிறீங்களா அண்ணே?"

"வேண்டாம் டீச்சர்."

"பயிற்சியில எதிர்ப்பக்கம் ஆள் குறைஞ்சா என்ன செய்வோம்?"

"இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் அங்க போய் நிப்பான்."

"போங்க" என்றார் டீச்சர். பலகையை அழித்துவிட்டு மறுபடி காற்றடிக்க உட்கார்ந்தார்.

இருளப்பன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"காஜா, யோசிச்சுப் பார்த்தேன். நவநீதன்தான்டா பெரியவன்."

காஜா கண் திறக்கவில்லை.

"கோட்டுக்கு வெளிய நின்னு மூணு மூணு பாயிண்டா அள்ளினானே, சந்தியாகு அப்படிப் போட்டிருக்கானா?"

ஒரு கண் திறந்தது.

"கிறுக்குப் பயலே. சந்தியாகுவும் அதே தூரத்துல நின்னுதான் போட்டான். அப்ப மூணு பாயிண்ட் கோடே கிடையாது. எங்க நின்னு போட்டாலும் ரெண்டு பாயிண்ட்தான் குடுத்தாங்க."

காலமெல்லாம் இருளப்பன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய வாதம் அது. இப்போது அது நண்பனின் வாயிலிருந்து வந்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

"நவநீதனைச் சுத்தி மூணு பேர் மறிப்பாங்க. சந்தியாகுவை மறிக்க எவன் இருந்தான்?"

காஜா தலையணையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். "அவன் முழங்காலைப் பார்த்திருக்கியால நீ? அவ்வளவும் தழும்பு. எவனும் மறிக்காமலா வந்துச்சு?"

இருமல் வந்தது. நர்ஸ் வந்து இருவரையும் ஏசினார். மாத்திரையை நீட்டினார். காஜா வாங்கி விழுங்கினார்.

"நாளைக்கு வா மாப்ள. உன்னை வச்சுக்கிறேன்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் இருளப்பன் வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிடும்போதே மறுநாளைக்கான பதிலைத் தயார் செய்துகொண்டார்.

மறுநாள் காலை கட்டில் காலியாக இருந்தது.

மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம். இருளப்பனும் மண் அள்ளிப் போட்டார். மண் ஒட்டிய கையைக் கழுவாமலே மைதானத்துக்கு வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு வான்னு சொன்னான் டீச்சர்."

டீச்சர் விசில் ஊதினார். பிள்ளைகளை ஆட்டத்தை நிறுத்தி வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"பதிலோட போனேன். சொல்ல முடியாமப் போச்சு."

"என்ன பதில் அண்ணே?"

"அதை இனி எதுக்கு?"

"சொல்லுங்க."

இருளப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மண் தரையில பந்து ஒழுங்கா எழும்பாது. தட்டிக்கிட்டு ஓட முடியாது. அதனாலதான் சந்தியாகு தூரத்துல நின்னே போட்டான். அது திறமை இல்ல, வேற வழியில்லாமப் போட்டது."

டீச்சர் எழுந்து எதிர்ப்பக்கம் போய் அவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"தப்பு" என்றார்.

இருளப்பன் நிமிர்ந்தார். "எப்படித் தப்பு?"